ஹேஷ்டேக் போடுறதுக்கு முன்னாடி இருக்குற வேலைங்க: உரிமைக்காக ஆன்லைன்ல இறங்க நினைக்கிற புது ஆளுங்களுக்கு

நாங்க முதல் தடவ ஒரு ஹேஷ்டேக்க ட்ரெண்டிங்ல ஏத்துன ராத்திரி குரூப்ல ஒருத்தர் கூட தூங்கல, ரெண்டு மணி நேரம் அது மேலயே நின்னுச்சு, ஆளாளுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போட்டுக்கிட்டே இருந்தோம். கோர்ட் ஆர்டர் எதுவும் இல்லாமலே வெப்சைட்டுங்க பயனர் விவரத்த கேட்டவுடனே தூக்கி குடுக்கணும்னு ஒரு வரைவு விதி, அதுக்கு எதிரா தான் அந்த சத்தம். மறுநாள் காலையில ஒருத்தி அந்த வரைவோட கடைசி பக்கத்த படிச்சுட்டு குரூப்ல ஒரே ஒரு வரி போட்டா: "கருத்து அனுப்ப கடைசி தேதி முந்தாநேத்தே முடிஞ்சிருச்சு." அவ்ளோ தான். எங்கள்ல ஒருத்தர் கூட அந்த ஆஃபீசுக்கு ஒரு மெயில் அனுப்பல.

அதனால தான் இந்த வழிகாட்டியில ஹேஷ்டேக் ரொம்ப பின்னாடி வருது. முடிவெடுக்குற ஆளோட மேசைக்கு, அவர் முடிவெடுக்குறதுக்கு முன்னாடி, அவர் பதில் சொல்லியே ஆகணும்ங்கற வடிவத்துல போய் சேராத சத்தம் நமக்குள்ள நாமளே கைதட்டிக்கிற மாதிரி தான்.

முதல் வேலை: மூணு விஷயத்த ஒரு பேப்பர்ல எழுதுங்க

யார் முடிவெடுக்குறாங்க, எந்தத் தேதிக்குள்ள எடுப்பாங்க, அவங்க என்ன மாத்தணும்னு கேக்குறோம். இந்த மூணுக்கும் பதில் எழுத முடியலன்னா இன்னும் எதையும் போஸ்ட் பண்ணாதீங்க. "எங்க பிரைவசிய காப்பாத்துங்க"ன்னு எழுதுனா அது ஆசை. "இத்தனாவது பிரிவுல தகவல் கேக்குறதுக்கு முன்னாடி கோர்ட் அனுமதி வாங்கணும்னு ஒரு வரி சேருங்க"ன்னு எழுதுனா தான் கோரிக்கை, அதுக்கு ஆமா இல்லன்னு ஒரு பதில் சொல்லி தான் ஆகணும்.

இதுக்கு மூல ஆவணத்த படிக்கணும், வேற வழியே இல்ல. நியூஸ்ல வந்தத, யாரோ போட்ட த்ரெட்ட, நான் எழுதுற இத, எதையும் அதுக்கு பதிலா வச்சுக்காதீங்க. நூறு பக்கம்னா பத்து பேர் ஆளுக்கு பத்து பக்கம் பிரிச்சுக்குங்க, ஒரு வாரக் கடைசியில முடிஞ்சிரும். ஆனா "வரையறைகள்"னு ஆரம்பத்துல வர்ற பகுதிய எல்லாருமே படிங்க, ஏன்னா வில்லங்கம் பெரும்பாலும் அங்க தான் ஒளிஞ்சிருக்கும். "இடைத்தரகர்"னு (மத்தவங்க போடுறத தாங்கி நிக்கிற சைட், ஆப் மாதிரி) ஒரு வார்த்தைக்கு உள்ள யார் யாரெல்லாம் வர்றாங்கன்னு பாத்தா தான் பெரிய கம்பெனிய பிடிக்க போட்ட வலையில நாலு பேர் சேந்து நடத்துற சின்ன சைட்டும் மாட்டுதுன்னு தெரிய வரும்.

அந்த விஷயம் இப்ப எந்த கட்டத்துல நிக்குதுன்னும் பாக்கணும். வரைவா வந்து கருத்து கேக்குறாங்கன்னா எழுத்துல பதில் அனுப்பணும். மசோதாவா சபைக்கு போயிருச்சுன்னா அந்தந்த தொகுதி உறுப்பினர் தான் இலக்கு. சட்டமாவே ஆயிருச்சுன்னா கோர்ட், இல்லன்னா அத எப்படி அமல்படுத்துறாங்கன்னு கண்காணிக்கிறது. கதவு வேற வேற, ஒரே சாவி எல்லாத்துக்கும் சேராது.

2012 ஜனவரி 18 அன்னைக்கு ஆங்கில விக்கிபீடியா 24 மணி நேரம் கறுப்பா நின்னது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், அமெரிக்காவுல இணையத் திருட்டு காப்பிய தடுக்குறோம்னு கொண்டு வந்த சோபா, பிபான்னு ரெண்டு மசோதாவுக்கு எதிரா. அந்த கறுப்பு பக்கத்த பத்தி தான் எல்லாரும் பேசுவாங்க, அதுல இருந்த சின்ன பெட்டிய பத்தி யாரும் பேச மாட்டாங்க. உங்க அஞ்சல் குறியீட்ட அதுல போட்டா உங்க தொகுதி பிரதிநிதியோட தொடர்பு விவரம் வரும், 80 லட்சத்துக்கு மேல ஆளுங்க அப்படி தேடி எடுத்தாங்க. ரெண்டே நாள்ல, ஜனவரி 20ல, ரெண்டு மசோதாவையும் ஒத்தி வச்சுட்டாங்க, அப்பறம் அது எழுந்திரிக்கவே இல்ல. என்னய கேட்டா ஜெயிச்சது அந்த பெட்டி தான்.

ரெண்டாவது: கூட நிக்குற ஆளுங்கள காப்பாத்திக்குங்க

இத கடைசியில வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க தான் முதல்ல மாட்டுறாங்க. ஆனா பயந்து போய் இருக்குற எல்லா ஆப்பையும் இறக்கவும் வேணாம். முதல்ல உக்காந்து யோசிங்க, என்கிட்ட என்ன இருக்கு, அது யாருக்கு வேணும், அவங்க கைக்கு போனா யாருக்கு அடி விழும். பள்ளிக்கூடத்துல படிக்கிற பையனுக்கு இருக்குற ஆபத்து வேற, அரசாங்க வேலையில இருந்துக்கிட்டே நமக்கு உதவுற அக்காவுக்கு இருக்குற ஆபத்து வேற. குரூப்ல யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்களுக்கு தகுந்த மாதிரி தான் எல்லாரும் நடந்துக்கணும்.

அப்பறம் அடிப்படை வேலைங்க. ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் வேற வேற பாஸ்வேர்டு, அத ஞாபகம் வச்சுக்க ஒரு பாஸ்வேர்டு மேனேஜர். ரெண்டாவது பூட்டா டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதையும் முடிஞ்சா எஸ்எம்எஸ்ல வர்ற கோடா வைக்காம போன்லயே கோட உருவாக்கித் தர்ற ஆத்தென்டிகேட்டர் ஆப்ல வைங்க, ஏன்னா உங்க நம்பருக்கு வேற ஒருத்தன் சிம் வாங்கிட்டா கோடும் அவனுக்கு தான் போகும். போனுக்கு ஆறு இலக்க பின்னாவது இருக்கட்டும், கூட்டம் போராட்டம்னு நேர்ல கிளம்புற அன்னைக்கு கைரேகையயும் முகத்த காட்டி திறக்குறதையும் ஆஃப் பண்ணிட்டு போங்க, உங்க விரல பிடிச்சு வைக்க முடியும், மனசுல இருக்குற நம்பர அப்படி எடுக்க முடியாது.

பேசிக்கிறதுக்கு எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர நடுவுல யாரும் படிக்க முடியாத பூட்டு, இருக்குற ஆப் வேணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரி தான், ஆனா மெசேஜ மூடுறது பாதி தான், யார் யார்கிட்ட எப்ப பேசுனாங்கங்கற மெட்டாடேட்டா மீதி பாதி. சிக்னல்ங்கற மெசேஜ் ஆப்ப நிறைய பேர் ஏன் நம்புறாங்கன்னா 2016ல அமெரிக்காவுல ஒரு விசாரணைக்காக ரெண்டு நம்பர் பத்தின விவரத்த கேட்டப்ப அவங்களால குடுக்க முடிஞ்சது அக்கவுண்ட் எப்ப தொடங்குனது, கடைசியா எப்ப கனெக்ட் ஆச்சுங்கறது தான். வேற எதையும் சேத்து வைக்கவே இல்லன்னா எங்கேருந்து எடுத்துக் குடுக்க. 2024லேருந்து அதுல யூசர்நேம் வச்சு போன் நம்பர மறைச்சுக்கலாம், புதுசா சேர்றவங்ககிட்ட இத முதல் நாளே செய்ய சொல்லிருங்க. வாட்ஸப் குரூப்ல நம்பர் எல்லாருக்கும் தெரியும், இருநூறு பேர் இருக்குற குரூப்ல அந்த இருநூறு பேரும் யாருன்னு உங்களுக்கு தெரியுமா? எனக்கு தெரியாது. அதனால பெரிய குரூப்ல அறிவிப்பு மட்டும், திட்டம் போடுறதெல்லாம் நேர்ல முகம் பாத்து பழகுன ஏழெட்டு பேர் இருக்குற சின்ன குரூப்ல, அதுலயும் மெசேஜ் ஒரு வாரத்துல தானா அழியுற மாதிரி. இதெல்லாம் பண்ணியும் எவனோ ஒருத்தன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டா எந்த என்க்ரிப்ஷனும் காப்பாத்தாது, அத மனசுல வச்சுக்கிட்டே எழுதுங்க.

போட்டோ விஷயத்துல ரொம்ப பேர் கோட்ட விடுறாங்க. போன்ல எடுத்த படத்துக்குள்ள எடுத்த நேரம், எந்த போன், லொகேஷன் ஆன்ல இருந்தா எந்த இடம்னு எல்லாம் சேந்தே இருக்கும். வாட்ஸப்ல சாதாரண போட்டோவா அனுப்புனா அதெல்லாம் அழிஞ்சிரும், ஆனா குவாலிட்டி குறையக் கூடாதுன்னு டாக்குமென்ட்டா அனுப்புனா அப்படியே கூட போகும். முகத்த மறைக்கணும்னா லேசா மங்கலாக்கி விடாதீங்க, கெட்டியா ஒரு கறுப்பு கட்டம் வைங்க, எழுத்துக்கு இது இன்னும் முக்கியம், மங்கலாக்குன எழுத்த திரும்ப படிச்சு எடுக்க வழி இருக்கு. படத்துல இருக்குறவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போடுங்கன்னு தனியா சொல்லணுமா என்ன, ஆனா சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கு.

ரெண்டு அட்மின் எப்பவும் இருக்கணும். ஒருத்தர் போன் தொலைஞ்சாலோ ஒருத்தர பிடிச்சு உக்கார வச்சாலோ மத்தவர் உடனே அவர குரூப்லேருந்து எடுக்கணும், இத முன்னாடியே பேசி வச்சுக்குங்க, அப்ப போய் "எடுத்தா தப்பா நினைச்சுக்குவாரோ"ன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அக்கவுண்ட் ஹேக் ஆயிருச்சு, மிரட்டல் வருதுன்னா ஆக்சஸ் நவ் அமைப்போட டிஜிட்டல் பாதுகாப்பு ஹெல்ப்லைன் 24 மணி நேரமும் இருக்கு, செயற்பாட்டாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும்னே நடத்துறாங்க, காசு கிடையாது. ஒரு வக்கீல் நம்பர் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேப்பர்ல எழுதி இருக்கட்டும், போன்ல இல்ல, போனத் தான முதல்ல வாங்கிக்குவாங்க.

மூணாவது: எண்ணிக்கைக்காக இல்லாம, படிக்கிற மாதிரி எழுதுங்க

இதுல தான் நான் கொஞ்சம் நீட்டி பேசப் போறேன், ஏன்னா இங்க தான் விஷயமே இருக்கு.

இந்தியாவுல 2015 மார்ச் கடைசியில தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், இணையத்துல ஒரு சேவைக்கு ஒரு மாதிரி கட்டணம் இன்னொன்னுக்கு வேற மாதிரின்னு வைக்கலாமாங்கற விஷயமெல்லாம் உள்ள வர்ற மாதிரி ஒரு கருத்துக்கேட்பு அறிக்கை விட்டுச்சு, நூறு பக்கத்துக்கு மேல, 20 கேள்வி, எழுத்து நடைய பாத்தா சாதாரண ஆள் மூணாம் பக்கத்துலயே மூடி வச்சிருவான். சில தன்னார்வலர்கள் உக்காந்து அந்த 20 கேள்விக்கும் பதில் எழுதி, வேணும்னா மாத்தி அனுப்பிக்கங்கன்னு ஒரு சைட்ல வச்சாங்க. பத்து லட்சத்துக்கு மேல மெயில் போச்சு. கேட்ட கேள்விக்கு பதிலா போச்சுங்கறத கவனிங்க.

அதே வருஷம் டிசம்பர்ல கட்டண வேறுபாடு பத்தி மட்டும் டிராய் தனியா நாலு கேள்வி கேட்டுச்சு. அப்ப ஃபேஸ்புக், சில சைட்டுங்கள மட்டும் டேட்டா காசு இல்லாம பாக்க விடுற தன்னோட ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவா அதோட பயனர்கள ஒரு பட்டன அமுக்க வச்சு லட்சக்கணக்குல செய்தி அனுப்ப வச்சுச்சு. எண்ணிக்கைய பாத்தா மலைச்சு போற அளவுக்கு. ஆனா அந்த செய்தியில நாங்க கேட்ட கேள்விக்கு பதிலே இல்லன்னு டிராய் வெளிப்படையாவே குறை சொல்லுச்சு, 2016 பிப்ரவரி 8ல அப்படி வேறுபட்ட கட்டணம் வைக்கக் கூடாதுன்னு விதியும் போட்டுச்சு. பணம், ஆள், பட்டன் எல்லாம் இருந்தவங்க பக்கம் போகாம, கேள்விய படிச்சு பதில் எழுதுனவங்க கேட்டது நடந்துச்சு.

அதனால மெயில் எழுதுறப்ப ஒரு எளிய வடிவம் வச்சுக்குங்க. எந்த பிரிவு, அதுல என்ன சிக்கல், அதனால எனக்கு என்ன ஆகும், அதுக்கு பதிலா என்ன வார்த்தை வரணும். மூணாவது தான் உயிர். "நான் ஒரு நர்ஸ், ராத்திரி ஷிஃப்ட்ல நோயாளிங்களோட குடும்பத்துக்கிட்ட இந்த ஆப்ல தான் பேசுறேன்"னு ஒரு வரி இருந்தா அது ஆயிரம் காப்பி பேஸ்ட் மெயிலுக்கு சமம். டெம்ப்ளேட் குடுத்தாலும் முதல் பத்திய காலியா விட்டு குடுங்க, "இங்க உங்க கதைய எழுதுங்க"ன்னு. ஒண்ணு ரெண்டு பேர் சோம்பேறித்தனத்துல அந்த வரியவே அப்படியே அனுப்பிருவாங்க, என்ன பண்றது.

இன்னொரு பாடமும் அந்த 2015 கதையிலேயே இருக்கு. வந்த மெயிலெல்லாத்தையும் ஏப்ரல் 27ல டிராய் தன்னோட சைட்ல போட்டப்ப அனுப்புனவங்க மெயில் முகவரியும் சேந்தே வெளிய வந்துருச்சு, பத்து லட்சம் பேரோடது. பொது கருத்துக்கேட்புல அனுப்புறது பொதுவுல வரலாம்னு வச்சுக்கிட்டே அனுப்பணும், இதுக்குன்னு தனி மெயில் ஐடி ஒண்ணு வச்சுக்குங்க, கையெழுத்துக்கு கீழ போன் நம்பர் தானா வர்ற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தா அத எடுத்துருங்க.

போலியா மட்டும் அனுப்பிராதீங்க, யார் சொன்னாலும். 2017ல அமெரிக்காவுல நெட் நியூட்ராலிட்டி (இணையத்துல எல்லா சேவையையும் ஒரே மாதிரி நடத்தணும்ங்கறது) பத்தி அங்கத்த தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கருத்து கேட்டப்ப 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல வந்துச்சு, அதுல கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் போலின்னு நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021ல அறிக்கை விட்டாங்க. அதுல 85 லட்சம் கருத்து, அந்த விதி வேணாம்னு பிராட்பேண்ட் கம்பெனிங்க காசுல நடந்த பிரசாரத்துல வந்தது, அதோட எதிர்ப்பக்கத்துல ஒரே ஒரு 19 வயசு காலேஜ் பையன் 77 லட்சம் போலி கருத்து போட்டிருக்கான். அவன் நல்லதுக்கு தான் பண்றோம்னு நினைச்சிருப்பான். ஆனா உண்மையா ராத்திரி முழிச்சு எழுதுனவங்க கருத்தும் அந்த குப்பைக்குள்ள தான் புதைஞ்சு கிடந்துச்சு.

நாலாவது: ஆதாரம் சேக்குறது

ஒரு போஸ்ட தூக்கிட்டாங்க, ஒரு சைட்ட முடக்கிட்டாங்க, ஒருத்தர மிரட்டுறாங்கன்னா கோபம் வர்றதுக்கு முன்னாடி கை போக வேண்டியது ஸ்க்ரீன்ஷாட்டுக்கு. முழு ஸ்க்ரீனும், தேதி நேரம் தெரியுற மாதிரி, லிங்க்க தனியா காப்பி பண்ணி ஒரு ஷீட்ல. பக்கம் பொதுவுல இருக்குறதா இருந்தா வலைப்பக்கங்கள தேதியோட சேத்து வைக்குற இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல அந்த லிங்க்க குடுத்து சேமிச்சிருங்க, நம்ம போன்ல இருக்குற படத்த "நீயே பண்ணது"ன்னு சொல்லலாம், அதுல இருக்குற பிரதிய அப்படி சுலபமா தள்ள முடியாது. வெட்டுன படம் மட்டும் வச்சிருந்தா ஒரு நாள் வருத்தப்படுவீங்க, ஒரிஜினல எப்பவும் தொடாம தனியா வைங்க.

தகவல் கேட்டு வாங்குறதும் ஆதாரம் சேக்குறது தான். அரசாங்க ஆவணத்த கேக்குற உரிமைய ஸ்வீடன் 1766லேயே சட்டத்துல எழுதிருச்சு, இப்ப நூத்துக்கு மேல நாடுங்கள்ல ஏதோ ஒரு வடிவத்துல அந்த சட்டம் இருக்கு, உங்களுக்கும் இருக்கான்னு பாருங்க. கேள்வி சின்னதா, எண்ணக் கூடியதா இருக்கணும். "ஏன் முடக்குனீங்க"ன்னு கேட்டா ரெண்டு பக்கத்துக்கு மழுப்பி அனுப்புவாங்க, "போன வருஷம் எத்தன உத்தரவு, எந்தெந்த தேதி, ஒவ்வொண்ணோட நகல்"னு கேட்டுப் பாருங்க.

கம்பெனிங்ககிட்டயும் கேக்கலாம், சட்டம் இருக்குற இடத்துல. மாக்ஸ் ஷ்ரெம்ஸ்னு ஒரு ஆஸ்திரிய சட்ட மாணவர் 2011ல தன்ன பத்தி ஃபேஸ்புக் என்ன வச்சிருக்குன்னு கேட்டார், 1,200 பக்கத்துக்கு மேல வந்துச்சு, தான் அழிச்சுட்டதா நினைச்சதும் அதுல இருந்துச்சு. அதுலேருந்து அவர் போட்ட புகார் வளர்ந்து வளர்ந்து 2015 அக்டோபர் 6ல ஐரோப்பாவுலேருந்து அமெரிக்காவுக்கு தகவல் போறதுக்கு அடிப்படையா இருந்த சேஃப் ஹார்பர் ஏற்பாட்டையே ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து பண்ணுற வரைக்கும் போச்சு. நாலு வருஷம் ஆச்சு, ட்ரெண்டிங்ல ரெண்டு மணி நேரம் நின்ன எங்கள இப்ப நினைச்சுப் பாருங்க.

இப்ப ஹேஷ்டேக்

சரி, இப்ப போடலாம். கடைசி தேதிக்கு ஒரு வாரமாவது முன்னாடி. ஒவ்வொரு போஸ்ட்லயும் ஒரே ஒரு வேலை சொல்லுங்க, லிங்க் அழுத்தி மெயில் அனுப்புங்க, அவ்ளோ தான். பெட்டிஷன்ல கையெழுத்து போடு, ப்ரொஃபைல் படம் மாத்து, பத்து பேர டேக் பண்ணுன்னு நாலு வேலை சொன்னா எது சுலபமோ அத செஞ்சுட்டு போயிருவாங்க, படம் மாத்துறது தான் சுலபம். சட்ட மொழிய அப்படியே போடாம வீட்ல பெரியவங்களுக்கு சொன்னா எப்படி சொல்லுவீங்களோ அப்படி எழுதுங்க, ஆனா பூதாகாரம் ஆக்காதீங்க. "நாளைலேருந்து எல்லார் மெசேஜையும் படிப்பாங்க"ன்னு வரைவுல இல்லாதத எழுதுனா ஒரு ஃபேக்ட் செக் வந்து உங்க மொத்த உழைப்பையும் ஓரமா வச்சிரும். தப்பா போட்டுட்டீங்கன்னா சத்தமில்லாம டெலீட் பண்ணாம, தப்புன்னு சொல்லி திருத்தி போடுங்க.

ட்ரோல் வரும். அவன் போஸ்ட்ட எடுத்துப் போட்டு பதில் சொன்னா அவனுக்கு நீங்களே ஆள் சேத்து விடுறீங்க. மிரட்டலா இருந்தா முதல்ல ஸ்க்ரீன்ஷாட், அப்பறம் ரிப்போர்ட், அப்பறம் பிளாக், இந்த வரிச மாறக் கூடாது. மோசமா அடி வாங்குறவரோட அக்கவுண்ட ரெண்டு நாளைக்கு வேற ஒருத்தர் பாத்துக்கட்டும், அவர் போன கீழ வச்சுட்டு தூங்கட்டும்.

எதிராளி வீட்டு முகவரிய, குடும்பத்து படத்த வெளியிடுறது கூடவே கூடாது, பிரைவசிக்காக சண்ட போடுறவன் இன்னொருத்தன் பிரைவசிய கிழிச்சா அப்பறம் என்ன பேச இருக்கு. சைட்ட முடக்குறதும் அப்படித்தான். 2010 டிசம்பர்ல ஆன்லைன்ல பணம் அனுப்புற பேபால் கம்பெனி மேல நடந்த தாக்குதல்ல எத்தனையோ பேர், ஒரு சைட்டுக்கு தாங்க முடியாத அளவு கோரிக்கைய கொட்டுற ஒரு சின்ன டூல இறக்கி ஒரு பட்டன் அமுக்குனாங்க, கூட்டத்துல நம்மள யாருக்கு தெரியும்னு. அந்த டூல் அவங்க ஐபி முகவரிய, அதாவது எந்த இணைப்புலேருந்து வர்றாங்கன்னு காட்டுற நம்பர, மறைக்கவே இல்ல. 2011 ஜூலையில அமெரிக்காவுல 14 பேர கைது பண்ணாங்க, வழக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. யாராவது குரூப்ல அந்த மாதிரி லிங்க் போட்டா அட்மின் உடனே எடுக்கணும், போட்டவர் ரொம்ப வேகமா இருந்தார்னா அவர் யாருன்னும் கொஞ்சம் யோசிங்க.

ஜெயிச்சுட்டா

தோத்தா என்ன செய்யறதுன்னு எல்லாருக்கும் ஓரளவு தெரியும், ஜெயிச்சா தான் தெரியாது, எல்லாரும் கலைஞ்சு போயிருவாங்க. இந்தியாவுல ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவ எடுத்துக்குங்க, ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி எதையாவது அனுப்புனா குற்றம்னு சொன்ன பிரிவு. 2012 நவம்பர்ல ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக ஒரு பொண்ணயும், அதுக்கு லைக் போட்டதுக்காக இன்னொரு பொண்ணயும் மகாராஷ்டிராவுல கைது பண்ணாங்க, அத பாத்துட்டு ஸ்ரேயா சிங்கால்ங்கறவர் உச்ச நீதிமன்றம் போனார், 2015 மார்ச் 24ல அந்த பிரிவே செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. எவ்ளோ பெரிய வெற்றி. ஆனா அதுக்கு அப்பறமும் பல ஊர் போலீஸ் அதே பிரிவுல கேஸ் போட்டுக்கிட்டே இருந்தாங்க, 2021ல இது அதிர்ச்சியா இருக்குன்னு உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்துச்சு, 2022 அக்டோபர்ல செத்துப் போன பிரிவுல யார் மேலயும் வழக்கு நடத்தக் கூடாதுன்னு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. ஏழு வருஷம் கழிச்சும் எங்கெங்க கேஸ் இருக்குன்னு யாரோ விடாம எண்ணிக்கிட்டு இருந்ததால தான் அது வெளிய வந்துச்சு.

அதனால ஜெயிச்ச அன்னைக்கே காலண்டர்ல மூணு தேதி போடுங்க. ஒரு மாசத்துல, மாத்துறேன்னு சொன்ன வரிய அரசிதழ்ல உண்மையாவே மாத்துனாங்களான்னு பாக்க. ஆறு மாசத்துல, தகவல் கேட்டு ஒரு மனு அனுப்ப. ஒரு வருஷத்துல, அதே விஷயம் வேற பேர்ல வேற மசோதாவுல ஒளிஞ்சு வருதான்னு தேட. சேத்து வச்ச பேர், மெயில், நம்பர் பட்டியல்ல தேவையில்லாதத அழிச்சிருங்க, நம்மகிட்ட இல்லாதது லீக் ஆகாது.

எங்க குரூப்ல அந்த காலண்டர பாத்துக்குறது அன்னைக்கு கடைசி பக்கத்த படிச்ச அதே பொண்ணு தான். ஹேஷ்டேக்குக்கு நடுவுல ஸ்பேஸ் விடக் கூடாதுங்கறது அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் மறந்து மறந்து போயிரும், நாங்களும் திருத்துறது இல்ல.